ஒன்றரை அங்குலம்

உங்கள் சைக்கிள் இன்று காலை அறுக்கப்பட்டது. இதை எனக்கு உறுதிசெய்தவர் செங்கத்தில் கிரில் பட்டறை வைத்திருக்கும் ஏழுமலை. உங்களுக்கு அந்தச் சைக்கிளைச் செய்து கொடுத்தவரும் அவர்தான். ஒன்பதரை மணிக்குப் போனில் பேசினார். இருக்கைக்குக் கீழே நிற்கும் குழாயை மட்டும் எடுத்திருக்கிறாராம். மற்ற மூட்டுகளில் பித்தளை ஒட்டு அப்படியே இருக்கிறது, ஒன்றிலும் விரிசல் இல்லை என்றார். "கை ரம்பத்தாலதான் சார் அறுத்தேன். மிஷின் வைக்க மனசு வரல" என்றார். பின்னால் அவர் மனைவி சாந்தி ஏதோ சொல்வது கேட்டது. என்னவென்று கேட்டேன். "அறுக்கும்போது அவ கடைத்தெருவுக்குப் போய்ட்டாளாம். அதையும் உங்ககிட்ட சொல்லணுமாம்" என்றார்.

போனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் ஒரு குழாய் வளையத்தை வைத்திருக்கிறேன். ஒன்றரை அங்குல உயரம். வெளிப்பக்கம் நீலப் பெயின்ட். விளிம்புகள் கை பட்டுப் பட்டு மழுங்கியிருக்கின்றன. மூக்கருகே கொண்டுபோனால் இரும்பு வாசனைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் புளி வாசனை வருகிறது. உங்கள் தபால் பையில் கடிதங்களோடு புளியும் சாமையும் எலுமிச்சம்பழமும் ஒன்றாகக் கிடந்ததால் வந்த வாசனை அது. உங்கள் கையிலிருந்து என் கைக்கு வந்த இந்த வளையத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை யாரும் உங்களிடம் கொண்டுவந்து கொடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நடந்ததை வரிசையாக உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் உங்களை முதலில் பார்த்தது செய்திக்காகத்தான். மலைமேல் நெல்லிவாசலில் பஸ் வந்து நிற்கும், கண்டக்டர் படியிலிருந்தே பையை நீட்டுவார், நீங்கள் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஆறு ஊர்களுக்கு நடப்பீர்கள். ஒருநாள் முழுக்க உங்களோடு நடந்தேன். நடந்தேன் என்று சொல்வது கொஞ்சம் மிகை. மூன்றாவது ஊரில் நான் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மற்ற மூன்று ஊர்களுக்கும் போய்த் திரும்பிவந்து என்னை எழுப்பினீர்கள். "இன்னா சார், கடுதாசி மாதிரி வச்ச எடத்துலயே கெடக்கறீங்க" என்றீர்கள்.

அடுத்த வாரம் கட்டுரை வந்தது. அரைப் பக்கம். "குள்ளமான உருவம், வெறுங்கால், தோளில் கனத்த பை" என்று ஆரம்பித்திருந்தேன். நல்ல வரி என்று ஆபீசில் சொன்னார்கள். நானும் நம்பினேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்லத் தேவையில்லை. அதை என்னைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தவர் நீங்கள்.

ஒரு வருஷம் கழித்து நீங்களே போன் செய்தீர்கள். வலது முட்டி வீங்கிக்கொண்டே இருக்கிறது என்றும், திருப்பத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு, இறக்கத்தில் நடப்பதைக் குறைக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் நடையே இருக்காது என்று சொல்லிவிட்டார் என்றும் சொன்னீர்கள். சைக்கிள் ஓட்டினால் தவறில்லை, முட்டிக்கு அது நல்லதுதான் என்றாராம். வேலையை விட்டுவிடலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போனை வைத்திருப்பீர்கள். நீங்கள் விட்டால் அந்தச் சுற்றுக்கு வேறு ஆள் கிடைப்பது சந்தேகம். ஆள் இல்லாவிட்டால் கடிதங்கள் நெல்லிவாசலிலேயே கிடக்கும்; வேண்டியவர்கள் நடந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மேலே இருக்கும் ஆறு ஊர்களில் யாருக்குக் கடிதம் வந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலேயே போய்விடும்.

சைக்கிள் வாங்குவதுதானே என்றேன். வாங்கிப் பார்த்தாகிவிட்டது என்றீர்கள். பெண்களுக்கான சைக்கிளில் இருக்கையை அடிமட்டம் வரை இறக்கினாலும் உங்கள் கால் தரைக்கு வராது. பிள்ளைகள் ஓட்டும் சைக்கிள் பையின் கனத்தைத் தாங்காது. வழியில் வண்டியை ஓட்டவே முடியாத இடங்கள் வேறு மூன்று இருந்தன: இரண்டு பாறைச் சரிவு, ஒரு ஓடை. அங்கெல்லாம் வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். "எனக்கு சைக்கிளத் தெரியும் சார். சைக்கிளுக்குத்தான் என்னத் தெரியல" என்றீர்கள்.

உங்கள் அளவுக்கு ஒரு சைக்கிளின் சட்டத்தையே புதிதாகச் செய்து தரக்கூடிய ஆளைத் தேடும் பொறுப்பு இப்படித்தான் எனக்கு வந்தது. நாற்பது வருஷமாக ஆட்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே என் வேலை, ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆயிற்று. வேலூரில் பெரிய கடை ஒன்றில் என்ன மாடல் என்று கேட்டார்கள். மாடல் ஆள்தான் என்றதும் சிரித்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்கள். ஒரு கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்று இரண்டெல்லாம் செய்வதில்லை என்றார்கள். போளூரில் ஒரு ரிப்பேர்க் கடைக்காரர் உடனே ஒப்புக்கொண்டார். பழைய சைக்கிளை நடுவில் அறுத்து வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றார். எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன். "ஒடைஞ்சா எடுத்தாங்க, திரும்ப ஒட்டித் தரேன்" என்றார். உடைகிற இடம் ஆள் இல்லாத மலைப்பாதையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழுமலையைச் சொன்னவர் செங்கம் பஸ் ஸ்டாண்டில் மூன்று சக்கரச் சைக்கிளில் உட்கார்ந்து லாட்டரிச் சீட்டு விற்ற காலம் தொடங்கி எனக்குப் பழக்கமான ஒருவர். இப்போது அதே வண்டியில் செல்போன் கவர் விற்கிறார். அந்த வண்டியின் மூட்டுகளைத் தற்செயலாகப் பார்த்தேன். வழக்கமான வெல்டிங்கின் கறுத்த புடைப்பு ஒன்றுகூட இல்லை. மஞ்சளாக, நகம் வைத்தால்கூட இடறாத அளவு வழவழப்பாக இருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். போளூர் ரோட்டில் ஜன்னல் கிரில்லும் டிராக்டர் டிரெய்லரும் செய்கிற பட்டறையைக் காட்டினார்.

ஏழுமலைக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஒரு கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவுங்க ஓட்டிட்டுப் போற தூரம் எவ்ளோ, தூக்கிட்டுப் போற தூரம் எவ்ளோ?" அதுவரை நான் போன இடங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானும் உங்களிடம் கேட்டிருக்கவில்லை. அங்கிருந்தே உங்களுக்குப் போன் செய்து, நீங்கள் சொல்லச் சொல்ல அவரிடம் சொன்னேன். பழைய சைக்கிள் ஒன்றிலிருந்து பெடல் அச்சு ஓடும் கூட்டையும் முன்கழுத்தையும் எடுத்துக்கொள்வதாகவும், மற்றதெல்லாம் புதுக் குழாய், சாதா வெல்டிங் வைத்தால் மெல்லிய குழாய் எரிந்துவிடும், கேஸில் சூடாக்கிப் பித்தளையை உருக்கிவிட்டு ஒட்டுவேன் என்றும் சொன்னார். ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நீங்கள் விடுப்பு எடுக்க முடியாது, அளவை நானே எடுத்துவருகிறேன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் சரி என்றார். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. அது முழுக்க என்னுடையது.

நான் அளவெடுக்க வந்த நாளை இப்போது திரும்பப் பார்க்கிறேன். உங்கள் வீட்டு வாசலில் நின்றோம். உங்கள் வீட்டுக்காரர் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் கால் அளவை எடுக்க வந்த ஆண் என்கிற கூச்சம் எனக்கு. அதைவிட அதிகம் உங்களுக்கு. டேப்பின் ஒரு முனையை நீங்களே இடுப்பில் பிடித்துக்கொண்டீர்கள். மறுமுனை தரையைத் தொட்டது. நான் நாலடி தள்ளி நின்று, குனிந்து எண்ணை மட்டும் படித்தேன். கால் அங்குலம்வரை நோட்டில் எழுதினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். உங்கள் காலைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று பார்வையை டேப்பிலேயே வைத்திருந்தேன். அளவு சரியாக எடுத்திருக்கிறேன் என்ற திருப்தியோடு ஜீப் ஏறினேன்.

மூன்று வாரத்தில் சட்டம் தயாராகி, சக்கரம் மாட்டி, ஷேர் ஜீப்பின் கூரையில் கட்டி மேலே வந்தது. நீலம் நீங்கள் கேட்ட நிறம். முதல் இரண்டு நாள் ஓட்டிவிட்டு நன்றாக இருக்கிறது என்றீர்கள். மூன்றாம் நாள் புளியமரத்து வளைவில் எதிரே மாடு வந்தது. வண்டியை நிறுத்திக் காலை ஊன்றப் பார்த்தீர்கள். கால் எட்டவில்லை. வலது முட்டி முதலில் தரையில் பட்டது. பையைக் கீழே விடவில்லை. போனில் நீங்கள் முதலில் சொன்னது அதைத்தான்.

பத்து நாள் நீங்கள் எழுந்திருக்கவில்லை. மாற்று ஆள் கிடைக்கவில்லை. கடிதங்கள் நெல்லிவாசலில் ஒரு பலகைமேல் அடுக்கிக் கிடந்தன. அதில் ஒருவருக்கு வந்த வேலை நேர்காணல் கடிதத்தை, நாள் கடந்த பிறகு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அந்தப் பத்தாம் நாள் வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தீர்கள். கையெழுத்து மட்டும் பாக்கி. "சைக்கிளு நல்லாத்தான் இருக்குது சார். எனக்குத்தான் தெறம பத்தல" என்றீர்கள். என் நோட்டை எடுத்து எண்களைத் திரும்பப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. சரியான எண்ணுக்குச் செய்த வண்டி எப்படித் தவறாகும் என்று எனக்குப் புரியவில்லை.

ஏழுமலையிடம் சொன்னபோது அவர் நோட்டை வாங்கிப் பார்க்கவே இல்லை. "இந்தத் தடவ ஆளக் கூட்டியாங்க. இல்லன்னா நான் ரம்பத்தத் தொடமாட்டேன்" என்றார்.

நீங்கள் வந்தது ஒரு சனிக்கிழமை. ஜீப்பில் இறங்கி, பஸ் மாறி, சைக்கிளை பஸ் கூரையில் போட்டுக்கொண்டு செங்கத்துக்கு வந்தீர்கள். சந்தைக்குப் போகும் பெண்களோடு இறங்கியபோது உங்களை நான் ஒரு நொடி தேடினேன். பட்டறையில் அளவெடுப்பவர் சாந்தி என்பது அன்றுதான் தெரிந்தது. கிரில்லுக்குப் பூவும் கொடியும் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து கொடுப்பது அவர்தான். அதைப் பார்த்துத்தான் ஏழுமலை கம்பியை வளைப்பார். சாந்தி டேப்பே எடுக்கவில்லை. சுவரை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு, செங்கல் வைத்து உயர்த்தி, ஓட்டுகிற மாதிரி உட்காரச் சொன்னார். உங்கள் தோள், இடுப்பு, முட்டி, நீட்டிய கை என்று சுவரில் உங்களைச் சுற்றி வரைந்துகொண்டே வந்தார். பாதத்துக்கு வந்ததும் கை நின்றது.

"அக்கா, செருப்பு போட்டுனுதான் ஓட்டுவீங்களா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி, உயரமான குதிகால் வைத்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தீர்கள். "இல்லமா. பாறையில வழுக்கும். பையிலதான் போட்டு வச்சிருப்பேன்" என்றீர்கள்.

"சார் அளவெடுத்தாரே, அப்போ?"

"அப்போ போட்டுனு இருந்தேன்."

ஏழுமலை என்னையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "சார் டேப்பப் பாத்தாரு. காலப் பாக்கல" என்றார். சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன் என்று எழுத ஆசை. ஆனால் அன்று நான் சிரித்ததாக ஞாபகம் இல்லை. நீங்கள் வெறுங்காலோடு நடப்பவர் என்று அச்சில் எழுதியவன் நான். எழுதியதை நானே படித்திருக்கவில்லை.

செருப்பின் குதிகாலைச் சாந்தி விரலால் அளந்து பார்த்தார். ஒன்றரை அங்குலம். ஏழுமலை இருக்கைக் குழாயின் மேல்நுனியிலிருந்து அந்த அளவை அறுத்தெடுத்தார். வளையம் தரையில் உருண்டு உங்கள் காலடியில் வந்து நின்றது. நீங்கள் அதை எடுத்து, சூடு ஆறும்வரை முந்தானையில் புரட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள்.

வண்டியைத் தூக்குவதற்கான வழியும் அன்றைக்கே கிடைத்தது, அதுவும் உங்களால்தான். சேலையோடு ஏறி இறங்குவதற்காக நடுக் குழாயைத் தாழ்வாக வைத்திருந்ததால் தோளில் மாட்ட இடமே இல்லை. மேலே இன்னொரு குழாய் வைத்தால் ஏற முடியாது. ஏழுமலை தலையைச் சொறிந்தார். "பைக்கு வாரு இருக்குது. வண்டிக்கு ஏன் தம்பி வாரு இல்ல?" என்று கேட்டீர்கள். அவர் ஷட்டர் விட்டத்தில் கயிறு கட்டி வண்டியைத் தொங்கவிட்டு, எங்கே பிடித்தால் மட்டமாக நிற்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். நீங்கள் தடுத்தீர்கள். பை இல்லாமல் பார்த்து என்ன பயன் என்றீர்கள். பழைய பேப்பர் கட்டைப் பையில் போட்டுக் கேரியரில் கட்டினார்கள். போகும்போது பை கனம், வரும்போது காலியாக இருக்குமே, மட்டம் மாறுமே என்று அவர் கேட்டார். "எங்க ஊர்ல காலிப் பையோட யாரு அனுப்பறாங்க? ஒரு வூட்ல புளி, ஒரு வூட்ல சாமை. எப்பவும் ரொம்பித்தான் இருக்கும்" என்றீர்கள். வண்டி மட்டமாக நின்ற இடத்தில் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு கொக்கிகள் வைத்தார். பழைய ஜீப்பின் கான்வாஸ் பட்டை வாராயிற்று. அதை மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் நாலு சுற்று நடந்தீர்கள். சாந்தி சுவரில் வரைந்த கோடு அழியாமல் இருக்க மேலே பெயின்ட் ஓட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். மலை ஏறத் தொடங்கியதும் நானே கேட்டேன்: அன்றைக்கு ஏன் செருப்பைக் கழற்றவில்லை? ஜன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள். என் கட்டுரை வந்த பேப்பரை அந்த ஆறு ஊருக்கும் கொண்டுபோனது நீங்கள்தான். பாதி வீடுகளில் படிக்கத் தெரிந்தவர் அன்று வீட்டில் இல்லை. உன்னைப் பற்றி வந்திருக்கிறதாமே, படி என்று உங்களையே படிக்கச் சொன்னார்கள். முதல் வரியே அந்த வரி.

"மூணு வூட்ல படிச்சேன் சார். நாலாவது வூட்ல அந்த வார்த்தைய வுட்டுட்டேன்."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. கொஞ்சம் கழித்து, "நீங்க டேப்ப எடுத்துனு வர்றேன்னு சொன்னீங்க. இந்தத் தடவ எவ்ளோ ஒசரம்னு வேற எழுதுவீங்களேன்னு புதுச் செருப்பப் போட்டுனு நின்னேன்" என்றீர்கள். அதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

உங்களை அளக்காமலேயே நான் எழுதிய ஒரு சொல், பிறகு நான் கால் அங்குலம்வரை எடுத்த அளவைக் கெடுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அடுத்த முறை வரும்போதெல்லாம் நினைப்பேன். நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அல்லது சைக்கிளில் ஏறிவிடுவீர்கள். அது போகிற வேகத்துக்கு நடந்து வந்து மன்னிப்புக் கேட்க முடியாது.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஓட்டினீர்கள். வேலையை விடுவதாக எழுதிய அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவே இல்லை. ஒருமுறை மட்டும் உங்களோடு ஓடைவரை வந்தேன். கரையில் இறங்கி, வாரை மாட்டி, வண்டியைத் தோளில் ஏற்றி, செருப்பில்லாத காலால் கல் கல்லாகத் தேடி வைத்து அக்கரைக்குப் போனீர்கள். அங்கே பாறைமேல் பையைக் கொட்டிக் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தீர்கள். காற்று அடித்தது. பையிலிருந்து இந்த வளையத்தை எடுத்துக் கடிதங்கள்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "என் ஒசரத்துல கொறச்சது சார். வீணாக்கலாமா?"

போன மழைக்கு முன்னால் உங்களைக் கடைசியாகப் பார்த்தேன். வயிற்றில் வந்த கட்டி, ஆபரேஷனுக்கு நாள் கடந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சைக்கிள் சுவரோரம் நின்றது. உங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவர வெளியே போனபோது சொன்னீர்கள். "நான் போய்ட்டா வண்டியச் சாமி மாதிரி மாட்டி வச்சிடப் போறாரு. வுடாதீங்க சார். அடுத்து வர்றவளுக்கு அறுத்துக் குடுங்க. ஏழுமலைத் தம்பிக்குத் தெரியும் எங்க அறுக்கணும்னு."

சரி என்றேன். பிறகு அதைச் செய்யவில்லை. இதை உங்களிடம் மறைக்க முடியாது. நீங்கள் சொன்னது போலவே ஆயிற்று. காரியத்துக்கு வந்தபோது சைக்கிள் உள்ளே ஆணியில் தொங்கியது, கைப்பிடியில் செவ்வந்திச் சரம். அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்ல? உங்கள் வார்த்தையைக் கேட்டவன் நான் ஒருவன்தான். மாதக்கணக்கில் அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். கொடுக்க வேண்டிய தபாலைப் பையிலேயே வைத்திருப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் இடத்துக்கு இப்போது சங்கீதா என்ற பெண் வந்திருக்கிறார். மலையடிவாரத்து ஊர்க்காரர், கல்யாணமாகி மேலே வந்தவர். உங்களைவிட உயரம், ஆனால் கடைச் சைக்கிளுக்குப் போதாத உயரம். நடந்தே ஆறு ஊரும் போகிறார். போன மாதக் கடைசியில் போன் செய்தார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடக்க முடியவில்லை, அடுத்த மாதத்தோடு நின்றுகொள்ளப் போகிறேன் என்றார். உங்கள் சைக்கிளை ஒருநாள் கேட்டு ஓட்டிப் பார்த்தாராம், முட்டி கைப்பிடியில் இடித்ததாம். அதற்குமேல் கேட்கக் கூச்சமாக இருந்தது என்றார். "அவுங்க வண்டிய ஒக்காந்து ஓட்டறதுக்கே ஒரு மாதிரியா இருந்துச்சி சார்" என்றார்.

மறுநாளே மேலே வந்தேன். உங்கள் வீட்டுக்காரரிடம் நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். எவ்வளவு காலம் தாமதித்தேன் என்பதையும் சொன்னேன். அவர் ஆணியிலிருந்து வண்டியை இறக்கினார். காய்ந்த சரத்தை எடுத்து மாடத்தில் வைத்தார். சக்கரத்துக்குக் காற்று அடித்தார். பிறகுதான் பேசினார்.

"அது சொல்லியிருக்கும்னு எனக்குத் தெரியும் சார். நீங்க எப்போ வாயத் தொறப்பீங்கன்னுதான் பாத்துனு இருந்தேன்."

உள்ளே போய் உங்கள் பழைய பையைத் துழாவி இந்த வளையத்தைக் கொண்டுவந்தார். வண்டி வேலைக்குப் போகட்டும், இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு எதற்கு என்று கேட்டேன். "இது உங்க கணக்குலதான் தப்பாச்சாமே" என்றார். நீங்கள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் இருக்கிறீர்கள்.

ஏழுமலையிடம் வண்டியை ஒப்படைத்தபோது வளையத்தையும் காட்டினேன். இதையே திரும்ப வைத்து ஒட்டிவிட முடியுமா என்று கேட்டேன். ஆசையில் கேட்ட கேள்வி. அவர் அதை வாங்கி, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். துண்டு வைத்து ஒட்டினால் அந்த இடத்தில்தான் உடையும், புதுக் குழாய்தான் போட வேண்டும் என்றார். "பேப்பருக்கு மேல வைங்க சார். அங்க ஒழுங்கா வேல செய்யும்."

உங்கள் உருவம் அந்தப் பட்டறைச் சுவரில் இன்னும் இருக்கிறது. போன மாதம் வெள்ளையடித்தபோது அந்தச் சதுரத்தை மட்டும் சாந்தி விட்டுவைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் இப்போது வேறு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் காவலூரிலிருந்து வந்தவராம். யாருக்கும் தலையும் முகமும் இல்லை. தோளிலிருந்து கீழேதான் கோடு. ஆனாலும் எது நீங்கள் என்று கதவருகே நின்றே சொல்லிவிட முடிகிறது. அந்த மூன்று பேருக்கும் பாதம் பெரிதாக, ஷூவோ செருப்போ போட்ட வடிவத்தில் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் ஐந்து விரலும் தெரிகிறது.

நீங்கள் போன பிறகு நானும் ஒரு காரியத்தை மாற்றிக்கொண்டேன். ஆளைப் பற்றி எதை எழுதினாலும், அனுப்புவதற்கு முன்னால் சத்தமாக ஒருமுறை படிக்கிறேன். ஒவ்வொரு வீடாகப் போய் அவரே அதைப் படித்துக் காட்டுவதாக நினைத்துக்கொள்கிறேன். நாலாவது வீட்டில் அவர் விழுங்கிவிடுவார் என்று தோன்றும் சொல்லை நானே எடுத்துவிடுகிறேன். என் பக்கங்கள் கொஞ்சம் மெலிந்துவிட்டதாக ஆபீசில் சொல்கிறார்கள். இருக்கலாம்.

இனி நடக்க வேண்டியவை. புதுக் குழாய் வந்துவிட்டது. எவ்வளவு நீளம் அறுப்பது என்று இன்னும் தீர்மானமாகவில்லை. சங்கீதா நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்குள் செங்கம் வருகிறார். சாந்தி அவரை உங்களுக்கு வலதுபுறம் உட்காரவைத்து வரையப்போகிறார். அன்றைக்கே அளவு தெரிந்துவிடும். ஒட்டி, பெயின்ட் காய்ந்து, அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஜீப்பில் மேலே வந்துவிடும் என்று ஏழுமலை சொல்கிறார். அதுவரை நின்றுகொள்வதைப் பற்றிப் பேசமாட்டேன் என்று சங்கீதா வாக்குக் கொடுத்திருக்கிறார். வண்டி பொருந்தினால் தொடர்வார். பொருந்துமா என்பது வெள்ளிக்கிழமை ஓடைக்கரையில்தான் தெரியும்.

நேற்று சங்கீதாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: தபால் எடுத்துக்கொண்டு எப்படிக் கிளம்புவீர்களோ அப்படியே வாருங்கள். அவர், "இன்னா சார், எழுதப் போறீங்களா?" என்று கேட்டார்.

எழுதினால் முதலில் அவரிடமே படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் பட்டறையில் இருப்பேன். இந்த முறை டேப் கொண்டுபோகவில்லை.